வனிலாக் கொடியும் எட்மண்டும்

வனிலாவின் நறுமணத்தை அறியாதார் இன்று அரியர். அம்மணத்தைத் தருவது ஓர்க்கிட்டுக் குடும்பத்துக் கொடியொன்று என்பதையும், மனிதர் கையால் அதனைக் காய்க்கச் செய்யும் எளிய வழியைக் கண்டவன் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் என்பதையும் அறிந்தோர் சிலரே.

வனிலாவின் தாயகம் மெக்சிக்கோவும் அதனையடுத்த நாடுகளுமாகும். சதைப்பற்றுள்ள தண்டினையுடைய இக்கொடி, கணுக்கள்தோறும் காற்றுவேர் விட்டு மரங்களைப் பற்றி ஏறும். பச்சையும் மஞ்சளும் கலந்த பூக்கள் கொத்தாகத் தோன்றினும் நாளொன்றுக்கு ஒன்றிரண்டே மலர்வன. காலையில் விரிந்த பூ பிற்பகலில் வாடிவிடும். அதற்குள் மகரந்தம் குறியை அடைதல் வேண்டும். ஆனால் இரண்டிற்கும் இடையே மெல்லிய மடலொன்று திரைபோல் நிற்கின்றது. பூ தன் கதவைத் தானே அடைத்துக்கொண்டது எனலாம்.

வரலாற்றின் சிக்கல் இம்மடலிலேயே தொடங்குகின்றது. இந்து சமுத்திரத்திலே, பூர்போன் என அந்நாளில் வழங்கிய றீயூனியன் தீவிற்குப் பிரெஞ்சுக்காரர் 1820ஆம் ஆண்டையொட்டி இக்கொடியைக் கொணர்ந்தனர். கொடி தழைத்தது, பூத்தது, காய்க்கவில்லை. தாயகத்தில் அப்பூவை நாடும் தேனீக்கள் அங்கு இல்லை. 1836இல் பெல்சிய நாட்டு லியேஜ் நகரிலே சாள்ஸ் மொறன் என்னும் அறிஞர் செயற்கை முறையாற் காய்க்கச் செய்தார். எனினும், அது தோட்டங்களிற் கையாளத்தக்க வழியாக அமையவில்லை.

1841இல் சென் சுசான் என்னும் ஊரில், பெலியே-போமோன் என்பவரின் அடிமையாயிருந்த எட்மண்ட், மூங்கிற் சிறாம்பினால் அம்மடலை உயர்த்தி, மகரந்தத்தைப் பெருவிரலாற் குறியின்மேல் அழுத்தினான். பூசணியினத்துக் கொடியொன்றில் மகரந்தச் சேர்க்கை செய்யும் வகையை எசமானர் முன்னர்க் காட்டியிருந்தார். ஆயினும் வனிலாவின் மடலை விலக்கும் உபாயம் சிறுவனுடையதே. அவனைத் தோட்டந்தோறும் அழைத்துச் சென்று ஏனைய அடிமைகளுக்கும் கற்பித்தனர். பறித்த காய் உடனே மணப்பதில்லை. வாட்டிப் பதப்படுத்திய பின்னரே மணம் பிறக்கும். அஃது வேறொரு கதை. மடகாசுகர்த் தோட்டங்களில் இன்றும் பூவொவ்வொன்றும் கையாலேயே சேர்க்கை செய்யப்படுகின்றது.

பின்னர் ரிச்சாட் என்னும் தாவரவியலறிஞர், இம்முறையைத் தாமே முன்னர்க் காட்டியதாக உரிமை பாராட்டினார். பெலியே-போமோன் கடிதமெழுதி அதனை மறுத்தார். அடிமையின் புகழுக்கு அவனை உடைமையாகக் கொண்டவரே சான்று சொல்ல நேர்ந்தது! 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது எட்மண்டுக்கு அல்பியசு என்னும் குடும்பப் பெயர் கிடைத்தது. பொருள் ஏதும் கிடைக்கவில்லை. திருட்டுக் குற்றஞ்சாட்டிச் சிறையிலிடப்பட்ட அவர், பழைய எசமானரின் முறையீட்டால் தண்டனைக் காலம் முடியுமுன் விடுதலை பெற்றார். வனிலாவாற் செல்வம் கொழித்த அத்தீவிலேயே 1880இல் வறியவராய் இறந்தார்.