புறாத்தீவும் கரையின் பாடும்

சித்திரை கழிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் இலங்கையின் இரு கரைகளும் தம் நிலையை மாற்றிக்கொள்கின்றன. மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கின்றது. கிழக்கிலோ குளத்து நீர்போல அடங்கிக் கிடக்கின்றது. மே தொடக்கம் செத்தெம்பர் வரையிலான அந்த வெயிற் காலத்திலேதான் முதுகிற் பொதி சுமந்த வெளிநாட்டு இளைஞரும் யுவதியரும் திருகோணமலையில் வந்திறங்கி, அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலாவெளியை நாடுகின்றனர். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவிற் கடலில் நிற்கும் புறாத்தீவே அவர்களது நாட்டம். வள்ளத்தில் அங்கு சென்று, முகத்திற் கண்ணாடியும் வாயிற் சுவாசக் குழாயும் பொருத்தி, ஆழங்குறைந்த நீரிற் குப்புற மிதந்தபடி அவர்கள் காணும் காட்சி அற்புதமானது. மான்கொம்புபோற் கிளைத்த முருகைக் கற்கள், அவற்றிடையே வண்ணாத்தி மீன்கள், கல்லைக் கொறித்துண்ணும் கிளிமீன்கள், துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள், அவசரமின்றி நீந்திச் செல்லும் ஆமைகள் ஆகிய யாவற்றையும் ஒரு மணி நேரத்திற் கண்டு மகிழ்ந்து அவர்கள் கரை திரும்புகின்றனர்.

இக்கடலை விளம்பரஞ் செய்வோர் இதனை மனிதன் கைபடாத இயற்கை என்கின்றனர். வரலாற்றை நோக்கும் எவரும் இக்கூற்றை ஏற்றுக்கொள்ள மாட்டார். பல நூற்றாண்டுகளாக மனிதர் உழைத்த கடல் இது. பல அரசுகள் தத்தம் தேவைக்கேற்ப வேலியிட்ட கடலும் இதுவே. அவ்வுழைப்பும் அவ்வேலிகளும் விளம்பரத்தில் இடம்பெறாமைக்குக் காரணம் யாது என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

முதலில் உழைப்பை நோக்குவோம். கண்ணாடியும் குழாயும் வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே இப்பகுதி மக்கள் கடலடியை அறிந்திருந்தனர். மூச்சையடக்கிச் சங்கு குளித்தனர், அட்டை எடுத்தனர். திருகோணமலைக்கு அண்மையிலுள்ள தம்பலகாமக் களப்பிலே தட்டைச் சிப்பி குளித்து முத்தெடுத்தனர். கடலடி அவர்களுக்குக் காட்சிப் பொருளாக இருக்கவில்லை; அது அவர்களது வயல்.

கரையில் நிகழ்ந்த உழைப்போ கரைவலையைச் சார்ந்தது. வலையின் ஒரு கயிறு கரையில் நிற்க, வள்ளம் கடலில் அரைவட்டமாகச் சென்று வலையை இறக்கி, மறு கயிற்றுடன் கரை சேரும். பின்னர் இரு அணியினர் மணிக்கணக்கில் அதனை இழுப்பர். எந்த இடத்தில் எவர் வலை வளைப்பது என்ற உரிமைக்குப் 'பாடு' என்பது பெயர். பிடிபட்ட மீனில் வலைக்கும் வள்ளத்துக்கும் உரிய சம்மாட்டியின் பங்கு பெரிது. கயிறு இழுத்தோர் பங்கு சிறிது. ஆகவே, பழைய கரை வாழ்வைப் பொற்காலமாகச் சித்திரிக்க நாம் விரும்பவில்லை. ஆயினும், கரையென்பது உழைப்பவரின் உரிமை வழங்கும் இடம் என்ற எண்ணம் 'பாடு' என்ற அந்த ஒரு சொல்லிற் பொதிந்துள்ளது. உரிமைக்கும் துன்பத்துக்கும் அக்கரையில் ஒரே சொல் வழங்குவது சிந்திக்கத்தக்கது.

கச்சான் காலத்தில் மேற்குக் கரையின் நீர்கொழும்பு முதலிய பகுதிகளிலிருந்து மீனவர் இக்கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வதும் வழக்கம். இன்று பொதி சுமந்த பயணியைக் கொணரும் அதே காற்றுத்தான் அன்று அவர்களையும் கொணர்ந்தது. அவர்களுக்கும் உள்ளூரவர்க்கும் இடையே பிணக்குகள் இருந்தன. கொடுக்கல் வாங்கலும் இருந்தது. இன முரண்பாடு கூர்மையடைந்தபோது பிணக்கு வளர்ந்தது, உறவு தேய்ந்தது.

இனி வேலிகளை நோக்குவோம். திருகோணமலையின் இயற்கைத் துறைமுகம் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய அனைவரது கண்ணையும் கவர்ந்தது. 1795இல் ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னர் அது ஏகாதிபத்தியக் கடற்படையின் தளமாயிற்று. 1942 ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது 1957இலேயாம். இவ்வாட்சிக் காலத்திலே புறாத்தீவுக்குக் கிடைத்த பயன்பாடு யாது? அது துப்பாக்கி சுடும் பயிற்சிக்களமாக விளங்கிற்று. பாறை இடுக்குகளிற் கூடுகட்டும் மாடப் புறாக்களாற் பெயர்பெற்ற ஒரு தீவு, குறிபார்த்துச் சுடுவதற்கு உதவியது! ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமுமே கொண்ட அச்சிறு கற்குன்றிற்கூட ஏகாதிபத்தியத்தின் முத்திரை பதியாமற் போகவில்லை.

கடலடியை இன்பத்துக்காகப் பார்க்கும் வழக்கமும் ஐரோப்பியரோடு வந்ததே. 1864-65ஆம் ஆண்டுகளில் இலங்கைக்கு வந்த ஒஸ்திரியப் பிரபுவும் ஓவியருமான இயூஜின் வொன் ரான்சொனே என்பார், மூழ்குமணி ஒன்றினுள் அமர்ந்து காலிக் கடலடியில் இறங்கி, அங்கு கண்ட முருகைக் காட்சிகளை நீரடியிலிருந்தே வரைந்தார். 1867இல் வெளிவந்த அவரது நூலில் அச்சித்திரங்கள் இடம்பெற்றன. மேலே நின்று கயிறு பிடித்தவர் எவர் என்பதை நாம் அறியோம். அவர்களது கையிலேதான் ஓவியரின் உயிர் இருந்தது; எனினும் வரலாற்றில் நின்றது ஓவியரின் பெயர் மட்டுமே.

1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் அவரது தோழர் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமி மலையடியிற் கடலில் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கீசர் இடித்தழித்த கோணேசர் கோயிலின் கற்கள் நீரடியிற் கிடக்கக் கண்டனர். வில்சன் நெறிப்படுத்திய 'ரன்முத்து தூவ' என்ற சிங்களத் திரைப்படம் 1962இல் வெளிவந்து, திருகோணமலைக் கடலடியை வண்ணத்தில் நாடெங்குங் காட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, அதாவது 1963இல், புறாத்தீவு சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. சுடுகளம் சரணாலயமாயிற்று. இது வரவேற்கத்தக்க மாற்றமே.

இதே காலத்தில் உல்லாசப் பிரயாணம் ஓர் அரசாங்கக் கொள்கையாகவும் உருப்பெற்றது. 1966இல் உல்லாசப் பிரயாணச் சபை சட்டமூலம் நிறுவப்பட்டது. அவ்வாண்டு நாட்டுக்கு வந்த பிரயாணிகள் 18,969 பேர். 1982இலோ 4,07,230 பேர். கிழக்குக் கரையும் விருத்திக்குரிய வலயங்களுள் ஒன்றாக வகுக்கப்பட்டது. நிலாவெளியிலே பெரிய விடுதி எழுந்தது. மறுபுறத்திற் பொதிப் பயணிகளும் வந்தனர். இஸ்தான்புல்லிலிருந்து தெகிரான், காபூல் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியாவை அடைந்த மேலைத்தேய இளைஞருட் சிலர், இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறி இங்கு வந்து சேர்ந்தனர். தம் நாடுகளின் நுகர்ச்சி வாழ்வையும் வியற்னாம் யுத்தத்தையும் வெறுத்துப் புறப்பட்டோர் அவர்களுட் பலர்.

இவ்விருவகைப் பிரயாணத்துக்குமிடையே பொருளாதார வேறுபாடு ஒன்றுண்டு. பெருவிடுதிக்கு வருபவர் செலுத்தும் பணத்தில் விமானக் கம்பனியும் பிரயாண முகவரும் விடுதி முதலாளியும் தம் பங்கை எடுத்தபின் கிராமத்துக்கு எஞ்சுவது சொற்பம். பொதிப் பயணியோ ஒரு வீட்டின் பக்க அறையில் தங்குகின்றார். தேநீர்க் கடையில் உண்கின்றார். மீனவரின் வள்ளத்தைக் கூலிக்கமர்த்துகின்றார். அவர் கையிலுள்ள பணம் குறைவாயினும் அது நேரே உழைப்பவர் கைக்குச் செல்கின்றது. அவரை ஏளனஞ் செய்யும் எமது நடுத்தர வர்க்கத்தார் இதனைக் கருதுவதில்லை.

1983இன் பின் யாவும் நின்றன. போரினால் நிலாவெளி, குச்சவெளிப் பகுதிகளின் தமிழரும் முஸ்லிம்களும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். கடலுக்குச் செல்லும் நேரமும் தூரமும் படையினரால் வரையறுக்கப்பட்டன. சொந்தக் கடலுக்கே அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. இக்காலத்திற் பிரயாணிகள் வராமையினாலே முருகைப் பார்கள் தப்பிப் பிழைத்தன என்று கூறுவோர் உளர். இக்கூற்று ஆபத்தானது. 1998இற் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறியமையால் ஹிக்கடுவை முதலிய இடங்களில் முருகைகள் வெளிறிப் பெரும்பாலும் மடிந்தன. புறாத்தீவு அப்போது பெரிதும் தப்பியது உண்மை. ஆயின் அது வெப்பத்தின் தற்செயல். யுத்தம் செய்த நன்மையன்று. மக்களை விரட்டிவிட்டு இயற்கையைக் காக்கலாம் என்ற எண்ணத்துக்கு யுத்தத்தைச் சான்றாக்குவோர் தம்மையறியாமலே கொடுமைக்கு நியாயங் கற்பிக்கின்றனர்.

முருகைகள் மடிவதேன் என்பதையும் சிறிது விளக்குதல் தகும். முருகை என்பது கல்லன்று. நுண்ணிய பிராணிகளின் கூட்டம். அவற்றின் உடலினுள்ளே வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவாக்கி அவற்றுக்கு ஊட்டுகின்றன. கோடை வெப்பம் வழக்கமான உச்சத்தை ஒரு பாகை மீறிச் சில வாரங்கள் நீடிப்பின் இவ்வுறவு முறிகின்றது. பாசி நீங்கி முருகை வெளிறுகின்றது. கிளை முருகை ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவிலும் உருண்டை முருகை ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவிலுமே வளர்கின்றன. ஒரு பயணியின் கால் மிதியில் முறிவதும், ஒரு வள்ளத்தின் நங்கூரம் பெயர்ப்பதும் பல ஆண்டுகளின் ஆக்கமாம்.

முருகையின் அழிவு மீனை மட்டும் பாதிப்பதன்று. தென்மேற்குக் கரையில் அக்குறளை, ஹிக்கடுவைப் பகுதிகளில் நெடுங்காலமாகச் சுண்ணாம்புக்காக முருகைக் கல் அகழப்பட்டது. 1988ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் அதனைத் தடைசெய்தது. ஆயினும் சூளையை நம்பி வாழ்ந்த ஏழைகட்குத் தக்க மாற்றுத் தொழில் கிட்டாமையால் அகழ்வு மறைவில் தொடர்ந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப் பேரலை வந்தபோது, முருகைப் பார் நின்ற ஹிக்கடுவையிலும் பார்க்க, அது அகழப்பட்டிருந்த பெரலியவிலே அலை பன்மடங்கு உட்புகுந்தமையை ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். அங்கேதான் புகையிரதம் ஒன்று அள்ளுண்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வாழ்வுக்கு வழி காட்டாது விதிக்கப்படும் தடை கடலையும் காவாது, கரையையும் காவாது என்பது அவ்வூர் தரும் பாடம்.

இப்பாடத்தை மனதிற் கொண்டு மீண்டும் புறாத்தீவுக்கு வருவோம். யுத்தநிறுத்தம் நிலவிய 2003ஆம் ஆண்டில் அது 471 ஹெக்டேயர் பரப்புடைய தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 100 முருகை இனங்களும் 300 மீனினங்களும் அங்கு இனங்காணப்பட்டுள்ளன. அடுத்த ஆண்டு ஆழிப் பேரலை நிலாவெளியைச் சிதைத்தது. 2009இற் போர் முடிந்ததும் உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் திரண்டு வந்தனர். கரையில் விடுதிகள் எழுந்தன. விடுதி வேலிக்கும் அலைக்குமிடையே கரைவலைப் பாடு ஒடுங்கிற்று. தேசிய பூங்காவின் எல்லைக்குள் மீன்பிடித்தல் குற்றமாயிற்று.

பாதுகாப்பு வேண்டாமென நாம் வாதிடவில்லை. வெடிவைத்து மீன்பிடிப்போரும் கால் வைத்து முருகையை முறிப்போரும் தடுக்கப்படவே வேண்டும். எமது வினா வேறு. அனுமதிச் சீட்டின் பணத்தில் மீனவக் கிராமத்துக்குப் பங்கு எவ்வளவு? நாளொன்றுக்கு எத்தனை பேர் தீவில் இறங்கலாம் என்று தீர்மானிக்கும்போது, அக்கடலை நன்கறிந்த மீனவருக்கு அங்கே ஆசனம் உண்டா?

வள்ளமோட்டியாக மாறிய மீனவர் இன்று பெறும் வருமானம் உண்மையானது, ஆனால் நிலையானதன்று. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் நாட்டுக்கு வந்தனர். 2019இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளையும் கொள்ளைநோயையும் அடுத்து 2021இல் அத்தொகை 2 இலட்சத்தை எட்டவில்லை. 2022இலோ எரிபொருளின்றி வள்ளங்கள் கரையிற் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பயணி வராத ஆண்டில் மீனவர் வலைக்குத் திரும்ப வேண்டும். பாடு பறிபோயின் அவர் எங்கு திரும்புவார்? 2023-24இல் உலகக் கடல்களில் மீண்டும் பெரும் முருகை வெளிறல் நிகழ்ந்தது. கடலைச் சூடேற்றும் புகையிற் பெரும்பங்கு எக்கரையிலிருந்து எழுகின்றது என்பது யாவருமறிந்ததே. அப்புகைக்கு நிலாவெளிக் கரைவலைத் தொழிலாளி பொறுப்பாளியல்லர். அதன் விளைவை முதலிற் சுமப்பவர் அவரே.

சுடுகளமாக்கியோர் அவரைக் கேட்கவில்லை. யுத்தம் செய்தோர் கேட்கவில்லை. இன்று பாதுகாப்போரும் கேளாதிருப்பின், அவருக்கு முன்னைய வேலிக்கும் இன்றைய வேலிக்கும் வேறுபாடு தெரியாது. தமதென்று உணராத ஒன்றை எவரும் காப்பதில்லை. பூங்காவின் காவலராகவும் வழிகாட்டியாகவும் வருமானத்திற் பங்காளியாகவும், அனைத்துக்கும் மேலாக முடிவெடுப்பவருள் ஒருவராகவும் அவர் ஆகும்போதே முருகைக்கும் உண்மையான காவல் கிடைக்கும்.

எம் மாணவரை நாம் அங்கு அழைத்துச் செல்லும்போது நீருக்குள் மட்டும் பார்க்கச் சொல்லற்க. ஒருமுறை தலையை உயர்த்திக் கரையையும் பார்க்கச் சொல்லுவோம். வெயிலில் நின்று கயிறு இழுக்கும் அம்மனிதரும் இக்கடலின் வரலாற்றைச் சேர்ந்தவரே.