கண்டறிதலும் கொண்டுசேர்த்தலும்: கரிசல் வட்டாரக் குழந்தைகளின் இதயநோயும் மருத்துவரல்லாத பணியாளர் பயிற்சியும்

கடம்பூர் போன்ற கரிசல் ஊர்களில் ஒரு குழந்தைக்கு இதயநோய் இருக்குமோ என்று முதலில் ஐயப்பட வேண்டியவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும்தான். 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே (ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம்) எனும் தேசியக் குழந்தைநலத் திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். பிறவி இதயக் குறைபாடு, வாதக்காய்ச்சல் இதயநோய் இரண்டும் அதன் பட்டியலில் உள்ளன. ஆனால் அக்குழுவில் இதயநோய் வல்லுநர் இல்லை. களப்பணியாளரின் பயிற்சியில் பெரும்பகுதி, தாயிடம் விசாரிக்கவும் கண்டறிந்த குழந்தையைக் கைவிடாமல் பின்தொடரவுமே செலவாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் நம்ப முடியாது. கம்போடியா, மொசாம்பிக் பள்ளிகளில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், செவிவழிச் சோதனை ஆயிரத்தில் சுமார் 2 பேரிடமே வாதக்காய்ச்சல் இதயநோயைக் கண்டது; இதய அல்ட்ராசவுண்ட் சோதனையான எக்கோ, முறையே 21, 30 பேரிடம் கண்டது. வேலூர் வட்டாரப் பள்ளிகளில் 2001–02இல் கிடைத்த ஆயிரத்துக்கு 0.68 என்ற அளவையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். அங்கும் முதல் சோதனை செவிவழியே நடந்தது. மறுபுறம், நலமான குழந்தைகள் பலரிடமும் தீங்கற்ற இதய முணுமுணுப்பொலி கேட்கும்.

அப்படியானால் செவிலியர் கையிலேயே எக்கோ கருவியைக் கொடுக்கலாமே? ஃபிஜியில் சில வாரப் பயிற்சி பெற்ற செவிலியர் அதைத் திறம்படச் செய்தனர். ஆனால் இந்தியாவில் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அல்ட்ராசவுண்ட் கருவிகளின் பதிவையும் பயன்பாட்டையும் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. பெண்சிசுவைக் காக்க வந்த அந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கோருவது முறையன்று. எனவே இப்போதைக்கு எக்கோ மருத்துவமனையிலேயே இருக்கட்டும். சரியான குழந்தை அங்கே போய்ச் சேர்வதைக் களப்பணி உறுதிசெய்யட்டும்.

அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. “ஏந் தாயி, புள்ள பால் குடிக்கையில நெத்தி வேர்க்குதா? விட்டு விட்டுக் குடிக்குதா?” என்ற கேள்வியே இதயத் தளர்ச்சியின் தடயத்தைத் தரும். வாதக்காய்ச்சலை அறிய, மூட்டு வீக்கம் ஒரு மூட்டிலிருந்து மறு மூட்டுக்கு மாறியதா என்று பள்ளிப் பிள்ளையிடம் கேட்க வேண்டும். கறுத்த தோலில் உதட்டு நீலம் எளிதில் தெரியாது. ரத்தசோகை இருந்தால் இன்னும் மறையும். அதனால் பிறந்த குழந்தையின் வலக்கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்ப்பது கட்டாயம். இரண்டில் ஒன்றிலேனும் அளவு 95 விழுக்காட்டுக்குக் குறைந்தாலோ, இரண்டுக்கும் இடையே 3க்கு மேல் வேறுபாடு இருந்தாலோ மறுசோதனை வேண்டும். 90க்குக் கீழே போனால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதயத்தின் சுவரில் உள்ள துளைகள் பலவற்றை இக்கருவி காட்டாது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

பின்தொடர்வதன் பயனுக்கு உகாண்டா ஆய்வு சான்று. எக்கோவில் மட்டுமே தெரிந்த தொடக்கநிலை நோயுள்ள 818 சிறாரில், நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பென்சிலின் ஊசி பெற்றவர்களில் ஈராண்டில் நோய் முற்றியது 0.8 விழுக்காட்டினருக்கு, பெறாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கு. இந்த ஊசி ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது. ஒவ்வாமைக்கு அஞ்சிச் செவிலியரே ஊசி போடத் தயங்கினால் சங்கிலி அறுந்துவிடும். ஊசி போடவும் ஒவ்வாமையைச் சமாளிக்கவும் பயிற்றுவிப்பது, நோயைக் கண்டறியப் பயிற்றுவிப்பதற்குச் சமமான பணி.

ஏற்கெனவே சுமை மிகுந்தவர்கள்மீது மேலும் ஒரு சுமையா என்ற எதிர்வாதம் நியாயமானது. ஆனால் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீடுதேடிச் சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனித்துவருகிறது. தொடர்கவனிப்புக்கான அந்த வழித்தடத்திலேயே ஊசி நாளையும் சேர்க்கலாம். தீப்பெட்டி ஆலைக்கோ மானாவாரிக் காட்டுக்கோ கூலிக்குப் போகும் தாய்க்கு எக்கோவுக்கான திருநெல்வேலிப் பயணம் ஒரு நாள் கூலியின் இழப்பு. பயணப்படியும் முன்பதிவு செய்த எக்கோ நாளும் இல்லாத பரிந்துரைச் சீட்டால் பயனில்லை. ஆகவே இத்தகைய பயிற்சியைச் சோதித்த குழந்தைகளின் எண்ணிக்கையால் மதிப்பிடக் கூடாது. ஐயப்பட்டவர்களில் எத்தனை பேர் எக்கோவுக்குப் போனார்கள், நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் இந்த மாத ஊசியைப் பெற்றார்கள் என்ற இரண்டு விகிதங்களாலேயே மதிப்பிட வேண்டும்.