தோலும் சோறும்: பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு நோக்கு

1912ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய காசிமிர் ஃபங்க் என்னும் போலந்து நாட்டு அறிஞர், உணவில் மிகச் சிறிய அளவில் இருந்துகொண்டு உயிரைக் காக்கும் பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்று பெயர் சூட்டினார். அதே ஆண்டு நவம்பரில் சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து விடுதலையானார். 1908இல் வ.உ.சி.யோடு கைது செய்யப்பட்டபோது அவர் இருபத்துமூன்று வயது இளைஞர். வெளியே வந்தபோது அவர் உடலில் தொழுநோய் இருந்தது.

சிவாவின் இறுதிக்காலம் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் கழிந்தது. பாரத ஆசிரமம் அமைத்ததும், பாரத மாதா கோயிலுக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டியதும் இங்குதான். 1925 ஜூலை 23ஆம் நாள், நாற்பத்தொரு வயது நிறையுமுன், அவர் மறைந்ததும் இங்குதான். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறத் தடுக்கப்பட்டதால் ஊர் ஊராக நடந்தும் மாட்டுவண்டியில் சென்றும் பேசினார் என்பர். அவர் தியாகத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அவர் தோலைப் பற்றி, அந்தத் தோலுக்கு அன்றைய உலகம் தரக்கூடிய மருந்து எதுவாக இருந்தது என்பதைப் பற்றி, நாம் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டுப் பார்த்தால், இன்று மருந்துக்கடையில் ‘தோலுக்கு ஒரு சத்து மாத்திரை கொடுங்கள்’ என்று கை நீட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தின் வரலாறும் சேர்ந்தே கிடைக்கிறது.

சிவாவின் காலத்தில் தொழுநோய்க்கு வழங்கிய முதன்மையான மருந்து ஓர் எண்ணெய். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் நீரடிமுத்தும், அதன் இனமான சால்மூக்ராவும் தந்த விதை எண்ணெய் அது. நம் சித்த மருத்துவமும் நீரடிமுத்தைக் குட்டத்துக்கு உரியதாக நெடுங்காலமாக அறியும். குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்ற முடியாத அளவுக்குத் தடித்தது. 1915ஆம் ஆண்டையொட்டி ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பினப் பெண் வேதியியலாளர் அதை ஊசியில் ஏற்றத்தக்க வடிவுக்கு மாற்றினார். கல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் அதே திசையில் முயன்றுகொண்டிருந்தார். ஆயினும் அந்த எண்ணெயால் சிலருக்குக் கிடைத்தது தணிவுதான், குணமன்று.

நோயின் காரணம் பற்றியும் அப்போது வழக்கு இருந்தது. நார்வேயின் ஹான்சன் 1873இலேயே தொழுநோய்க் கிருமியைக் கண்டுவிட்டார். அப்படியிருந்தும் இங்கிலாந்தின் பெருமருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன், கெட்டுப்போன மீனைத் தின்பதே நோய்க்கு அடிப்படை என்று வாதிட்டார். தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் சுற்றிச் சான்று திரட்டி, 1906இல் ஒரு நூலே வெளியிட்டார். ‘கருவாடு கரப்பான்’ என்று சொல்லும் நம் வீட்டுப் பத்தியத்துக்கும் அந்தப் பேரறிஞரின் கொள்கைக்கும் உள்ள உறவு வியப்பானது. தோலில் ஏதேனும் வந்தால் முதலில் சாப்பாட்டுத் தட்டைச் சந்தேகிப்பது மனித இயல்பு போலும். தொழுநோயைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம் தவறு. மீன் நிரபராதி.

இதற்கு நேர்மாறான தவறும் அதே ஆண்டுகளில் நடந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலக்ரா என்னும் நோய் பரவியது. வெயில் படும் இடங்களில் தோல் கருத்து, தடித்து, உரியும். வயிற்றுப்போக்கும் மனக்கலக்கமும் தொடரும். அதைத் தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். ஜோசஃப் கோல்ட்பர்கர் என்ற மருத்துவர் 1915இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலைக்கு ஈடாக முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்ட குறையுணவு கொடுத்தார். சில மாதங்களில் அவர்களுள் சிலருக்குப் பெலக்ராவின் அடையாளங்கள் தோன்றின. தொற்று என்று நினைத்தது பசியாக இருந்தது. 1937இல் கான்ராட் எல்வேஜெம், நிகோடினிக் அமிலம் என்ற பி வகை வைட்டமினே அந்தக் குறை என்று நிறுவினார். நம் நாட்டில், சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த தக்காணத்து ஏழைகளிடமும் பெலக்ரா இருப்பதைக் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் ஐதராபாத்தில் ஆராய்ந்து 1960இல் எழுதினர்.

ஆக, ஒரு தோல்நோயில் உணவைக் குற்றவாளியாக்கிக் கிருமியைத் தவறவிட்டோம். மற்றொன்றில் கிருமியைத் தேடி உணவைத் தவறவிட்டோம். தோலின் அடையாளங்கள் சில. அவற்றுக்கான காரணங்கள் பல.

தமிழ் நிலத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, பின்னாளில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. இலங்கையில் லூசியஸ் நிக்கல்ஸ் 1933இல், முழங்கையிலும் தொடையிலும் முள் முள்ளாகத் தோல் சொரசொரப்பதை விவரித்து, அதற்குத் ‘தேரைத்தோல்’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். வற்றி மெலிந்த குழந்தையைத் ‘தேரை அடித்தது’ என்று சொல்வது நம் ஊர் வழக்கு. தொடர்பே இல்லாத இரு மொழிகள் பசியைக் குறிக்க ஒரே உயிரியைத் தேர்ந்துகொண்டன. நிக்கல்ஸ் அதை ஏ வைட்டமின் குறை என்று கருதினார். தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதே தோலைக் குன்னூர்க்காரர்களும் கண்டனர். குன்னூரிலும் ஐதராபாத்திலும் பின்னர் நடந்த ஆய்வுகள், ஏ வைட்டமின் மட்டுமே காரணமன்று, பி வகை வைட்டமின்களும் சில எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து குறைவதே இதற்கு வழி என்ற பக்கம் சென்றன. குறையை நிரப்பினால் தோல் மீண்டது. மாத்திரையின் வெற்றி உண்மையான வெற்றியாக இருந்த இடம் இது.

அந்த வெற்றியே அடுத்த மயக்கத்துக்கும் வாயில் ஆயிற்று. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவையே தின்ற எலிகளுக்குத் தோல் அழற்சி வருவதை 1927இல் மார்கரெட் போவாஸ் கண்டார். அதைத் தடுக்கும் பொருளுக்குப் பால் ஜியார்ஜி ‘வைட்டமின் எச்’ என்று பெயரிட்டார். ஜெர்மன் மொழியில் தோலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து அது. இன்று பயோட்டின் என்று விற்பதும் அதுவே. 1929இல் பர் தம்பதியர் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்த எலிகளின் தோல் செதில் செதிலாயிற்று. எலியின் தோல் எக்ஸிமா போலத் தோன்றியது. ஆகவே எக்ஸிமாவும் இத்தகைய குறைதானோ என்ற எண்ணம் எழுந்தது. சில ஆண்டுகளில் மின்னசோட்டாவில் எக்ஸிமாக் குழந்தைகளுக்கு எண்ணெய் ஊட்டிப் பார்த்தனர். அதே எண்ணத்தின் நீட்சியாக 1980களில் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை வந்தது.

‘போல’ என்பது உவம உருபு என்று இலக்கணம் சொல்லும். உவமையில் இரு பொருள்கள் ஒத்திருக்கும், ஒன்றாகிவிடா. மருத்துவத்தில் நேர்ந்த பிழை இந்த உவமையை உண்மையாக எடுத்துக்கொண்டதுதான். பிரிட்டனில் பிரிம்ரோஸ் மாத்திரைக்கு எக்ஸிமா மருந்தாக அளிக்கப்பட்டிருந்த உரிமம் 2002இல் திரும்பப் பெறப்பட்டது. காக்ரேன் குழுவின் 2012ஆம் ஆண்டு மதிப்பாய்வு, மீன் எண்ணெய், துத்தநாகம், செலினியம், டி, ஈ, பி6 வைட்டமின்கள் முதலியவற்றைச் சோதித்த 11 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. எக்ஸிமாவுக்கு இவை பயன்படும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. பிரிம்ரோஸ் எண்ணெய் பற்றி அடுத்த ஆண்டு வந்த மதிப்பாய்வின் தீர்ப்பும் அதுவே. டி வைட்டமின் பற்றி மட்டும் பேச்சு இன்னும் ஓயவில்லை.

2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில், தோலின் மேலடுக்கைக் கெட்டியாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள பழுதுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள உறவு தெரியவந்தது. எக்ஸிமாக்காரர் பலரிடம் இருப்பது சுவரில் விரிசல், களஞ்சியத்தில் பஞ்சமன்று. விரிசல் விட்ட சுவருக்குப் பூச்சுதான் வேண்டும். அதனால்தான் ஈரம் காக்கும் களிம்பும், மருத்துவர் சொல்லும் அளவுக்கு அழற்சி தணிக்கும் மருந்தும் இன்றும் சிகிச்சையின் முதுகெலும்பாக இருக்கின்றன. இதற்கு விலக்கும் உண்டு. துத்தநாகத்தை உடல் ஏற்காத ஓர் அரிய பிறவிநோய் குழந்தைகளிடம் எக்ஸிமா போலவே தோன்றும். துத்தநாகம் கொடுக்காவிட்டால் உயிரே போகும். பொதுவிதி கெடவில்லை: குறையால் வந்த நோயைச் சத்து தீர்க்கும், குறையால் வராததைத் தீர்க்காது. தேவையின்றி மிகுதியாக உண்ணும் ஏ வைட்டமின் கல்லீரலையும் கருவையும் கெடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாத்திரையால் தீங்கில்லாவிட்டால் போகட்டுமே என்று கேட்கலாம். பாப்பாரப்பட்டியை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால் விடை வேறாகும். தொழுநோயின் தொடக்கம் பெரும்பாலும் ஒரு வெளிறிய படை. அதில் தொடுவுணர்வு குன்றியிருக்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை. ‘சத்துக் குறைவு’ என்று அதற்குப் பெயரிட்டு, ஒரு டானிக்கோ மாத்திரையோ வாங்கி மாதங்களைக் கடத்துவது எளிது. அந்த மாதங்களில் மருந்தும் பத்தியமும் தொடாத நரம்பு கெடும். கெட்ட நரம்பு எளிதில் மீளாது.

சிவாவுக்கு எந்த மாத்திரையும் வாய்க்கவில்லை. அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் மருந்து முதன்முதலாகத் தொழுநோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ராபர்ட் காக்ரேன் அதே இனத்து டாப்ஸோனைச் செங்கல்பட்டில் பயன்படுத்தினார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இன்று அரசு மருத்துவமனையில் அது இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் நோய் தீரும். 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது என்பதையும் கருதினால், மருந்து வந்த பிறகும் சமூகம் குணமாக எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பது விளங்கும்.

கரப்பான், படை, சிரங்கு, தேமல், குட்டம் என்று தோலின் துயரங்களுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. வேறுபாடு அறிந்தவர்கள் வைத்த பெயர்கள் அவை. அத்தனையையும் ‘சத்துக் குறைவு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது அறிவியலுக்கும் அழகில்லை, மொழிக்கும் அழகில்லை. தோலில் ஒன்று தோன்றினால் முதற்கேள்வி ‘எந்த மாத்திரை?’ என்பதன்று, ‘இது எது?’ என்பதே. அந்தக் கேள்விக்கு விடை இருந்தும் மருந்து இல்லாத காலத்தில் ஒருவர் இவ்வூரில் இறந்தார். இரண்டும் உள்ள காலத்தில் நாம் வாழ்கிறோம்.