‘டவுட்’ என்பது பிழையா?

வாஷியில் அண்மையில் நடந்த ஆய்வரங்கொன்றில், நம் தமிழ் மாணவி ஒருவர் ‘எனக்கொரு டவுட்’ என ஆங்கிலத்தில் தொடங்கினார். அயல்நாட்டுப் பேராசிரியரோ தம் முடிவையே அவர் ஐயுறுவதாகக் கருதி, மறுப்புரைக்கு ஆயத்தமானார். மாணவி வேண்டியது விளக்கம் மட்டுமே.

இதனை ஆங்கிலப் பிழையெனத் திருத்துவோர் சற்றே பொறுக்கலாம். நன்னூலார் 13ஆம் நூற்றாண்டில் வினாவை ஆறாகப் பகுத்தபோது ஐயவினாவையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அவருக்கும் முன்பே தொல்காப்பியம் ‘கொல்’ என்னும் இடைச்சொல்லுக்கு ஐயப்பொருள் கூறிற்று. தொலைவில் தெரியும் உருவம் மரக்கட்டையோ மனிதனோ என்பது உரையாசிரியர்கள் காட்டும் ஐயம். அதில் மறுப்பு ஏது? தெளியும் வேட்கையே உண்டு. மராத்தியரும் வகுப்பில் ‘சங்கா’ கேட்பவர்களே. ஆதலால் இதைத் தமிழின் தனியுடைமை என்று நான் வாதிடவில்லை.

ஆங்கிலத்திலும் அச்சொல் ஒரே பொருளில் நின்றதில்லை. பழைய பிரெஞ்சில் அதன் மூலச்சொல் அச்சத்தையும் குறித்தது. தந்தையின் ஆவி போர்க்கோலத்தில் தோன்றியதை அறிந்த ஹாம்லெட், சூது நடந்திருக்கும் என்று கருதுவதை ஷேக்ஸ்பியர் இச்சொல்லாலேயே உணர்த்துகிறார். நடந்திராது என்பது அங்கே பொருளன்று. ஸ்காட்லாந்து வழக்கில், மழை வருமென்று எதிர்பார்ப்பவரும் ‘டவுட்’ என்றே சொல்வதுண்டு!

அயல்நாட்டு இதழ்களுக்கு எழுதுகையில் நான் ‘வினா’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லையே இடுகிறேன். வாஷி வகுப்பறையில் ‘டவுட்’ என்று எழும் கையை மட்டும் திருத்துவதில்லை.