சூரியன் ஏன் வெடித்துப் போகவில்லை?



வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், சூரியன்ல ஹைட்ரஜன் எரியுதுன்னு சொல்லித் தந்தீங்க. அவ்வளவும் ஒரேயடியா ஏன் வெடிக்கல?" மருந்தோடு பழகுகிறவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி சேர்ந்து எரிவது வேதிவினை. சூரியனில் நடப்பது வேறு. நான்கு ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் கரு ஆகிறது. அப்போது நிறையில் சுமார் 0.7 சதவீதம் குறைந்து ஆற்றலாக வெளிவருகிறது. இதுதான் நட்சத்திரங்களின் எரிபொருளாக இருக்கலாம் என்று 1920-இல் இங்கிலாந்தின் எடிங்டன் சொன்னார்.

எரிபொருள் தெரிந்தது, எரியும் வேகம் தெரியவில்லை. புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்தத் தடையைத் தாண்டச் சூரியனின் வெப்பம் போதாது என்று பலர் மறுத்தார்கள். 1928-இல் காமாவ், குவாண்டம் விதிப்படி ஒரு துகள் தடையின் மேலே ஏறாமலே அதை ஊடுருவ முடியும் என்று காட்டினார். மறு ஆண்டே அட்கின்சனும் ஹவுட்டர்மன்சும் அதை நட்சத்திரங்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள்.

1938-இல் வாஷிங்டனில் இதற்காகவே ஒரு கூட்டம் கூடியது. அதில் நம் சந்திரசேகரும் இருந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். அப்போது வயது 27. அங்கே வந்திருந்த ஹான்ஸ் பெத்தே, அதே ஆண்டு கிரிட்ச்ஃபீல்டுடன் சேர்ந்து புரோட்டான்கள் இணையும் வேகத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார்.

விடை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இரண்டு புரோட்டான்கள் நெருங்கினால் மட்டும் போதாது. அந்தக் கணத்திலேயே ஒன்று நியூட்ரானாக மாற வேண்டும். அது அபூர்வத்திலும் அபூர்வம். சூரியனின் மையத்தில், 1.5 கோடி டிகிரி வெப்பத்தில்கூட, ஒரு புரோட்டான் இதற்குச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. அவ்வளவு மெதுவானது என்பதால் இந்த முதல் படியை இன்றுவரை எந்த ஆய்வகத்திலும் நேரடியாக அளக்க முடியவில்லை. அடுத்தடுத்த வினைகளை அளக்கலாம். அந்த வேலையைப் பல்லாண்டுகள் செய்தவர் அமெரிக்காவின் வில்லியம் ஃபௌலர். 1983-இல் சந்திரசேகருடன் நோபல் பரிசைப் பகிர்ந்தவர் அவர்தான். 2014-இல் இத்தாலியின் பொரெக்சினோ ஆய்வு, அந்த முதல் படியில் பிறக்கும் நியூட்ரினோக்களையே பிடித்துக் காட்டியது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். எடைக்கு எடை பார்த்தால், சூரியனைவிட நம் உடம்பு பல ஆயிரம் மடங்கு அதிக வெப்பம் தருகிறது. சூரியனின் பலம் வேகத்தில் இல்லை, அளவில்.

இன்னொரு காப்பும் உண்டு. மையத்தில் வெப்பம் 10 சதவீதம் கூடினால், வினை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். ஆனால் உடனே மையம் விரியும், விரிந்தால் குளிரும், வினை பழைய நிலைக்குத் திரும்பும். 460 கோடி ஆண்டுகளாக இப்படித்தான் ஓடுகிறது.

பட்டாசு மருந்துக்கு இந்தக் காப்பு கிடையாது. ஓர் உராய்வில் சூடு பிறக்கும். சூடு வினையை விரட்டும். வினை இன்னும் சூட்டைக் கூட்டும். மூடிய அறையில் விரிய இடமும் இல்லை. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் என்று விதி வைத்திருப்பது இதனால்தான். இயற்கை போடாத தடையை நாம்தான் போட வேண்டும்.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அதன்பிறகு அந்த நாளில் வரும் வாழ்த்துகளை என்னால் முழு மனதோடு வாங்க முடிவதில்லை.

தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது "சீக்கிரம், சீக்கிரம்" என்ற குரல் எல்லா இடத்திலும் கேட்கும். என்னிடம் படித்த முதலாளிகளும் போர்மேன்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மருந்து அறையில் மட்டும் யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகளே, அளவுக்கு மேல் மருந்து வைத்திருந்தால் உள்ளே போகாதீர்கள். கேட்டால், சார் சொன்னார் என்று சொல்லுங்கள்.