விரதப் பட்டியலில் இடம்பெறாத பணிவு

1915 மே 25-ஆம் தேதி, அகமதாபாத்தை ஒட்டிய கோச்ரபில் ஒரு வாடகை பங்களாவில் காந்தியின் சத்தியாக்கிரக ஆசிரமம் தொடங்கியது. ஏறக்குறைய 25 பேர் இருந்தார்கள். அவர்களில் 13 பேர் தமிழர்கள். எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி.

விரதங்கள் அடங்கிய ஆசிரம விதிகளின் வரைவைப் பலருக்கும் அனுப்பிக் காந்தி கருத்துக் கேட்டார். பணிவையும் ஒரு விரதமாகச் சேர்க்கும்படி சர் குருதாஸ் பானர்ஜி எழுதினார். அன்றைய இளைஞர்களிடம் அது இல்லையே என்பது அவர் கவலை. குறை இருப்பதைக் காந்தியும் கண்டிருந்தார். ஆனாலும் சேர்க்கவில்லை. விரதம் என்று ஆக்கிவிட்டால் பணிவு பணிவாக இருக்காது என்று அஞ்சினார். 1930-இல் எரவாடா சிறையிலிருந்து விரதங்களைப் பற்றி ஆசிரமத்துக்கு வாராவாரம் எழுதியபோதும் இதே கருத்தில்தான் இருந்தார். அவர் கணிப்பு சரி. 'நான்' என்பதை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் ஒரு 'நான்' வேண்டியிருக்கிறதே!

ஆசிரமம் தொடங்கிய சில மாதங்களிலேயே சோதனை வந்தது. தீண்டப்படாதவர்கள் என ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த தூதாபாய், மனைவி தானிபென், குழந்தை லட்சுமி ஆகியோர் ஆசிரமத்தில் சேர்ந்தார்கள். கிணற்றில் நீர் இறைத்தவன், ஆசிரமத்து வாளியிலிருந்து சொட்டும் தண்ணீர் தன்மேல் பட்டால் தீட்டு என்று வைதான், தூதாபாயைத் தொல்லைப்படுத்தினான். வெளியிலிருந்து வந்த பண உதவி நின்றது. உள்ளேயும் புகைச்சல்: காந்தியின் மனைவி கஸ்தூர்பாவுக்கும் மற்றப் பெண்களுக்கும் தானிபென் வந்தது பிடிக்கவில்லை. விருப்பமில்லையென்றால் பிரிந்து போகலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டதாக சீனிவாச சாஸ்திரிக்குக் காந்தி கடிதம் எழுதினார். பெயர் சொல்லாத ஒரு செல்வந்தர் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனதால் ஆசிரமம் பிழைத்தது.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. சின்னச் சின்ன அவமதிப்புகளைப் பொறுத்துக்கொள்ளும்படி காந்தி தூதாபாயைத்தான் கேட்டுக்கொண்டார். அவர் இசைந்தார், மனைவியையும் இசையவைத்தார். தலைமுறை தலைமுறையாகத் தலைகுனிய வைக்கப்பட்டவர்களிடமே மேலும் பொறுமை கேட்கப்பட்டது.

கஸ்தூர்பா மாறினார். பின்னாளில் லட்சுமி காந்தி குடும்பத்திலேயே வளர்ந்தாள். ஆனால் 1929 ஏப்ரலில் 'நவஜீவன்' இதழில் காந்தி எழுதிய கட்டுரையைப் படித்தால் மனம் கனக்கிறது. யாரோ கொடுத்த நான்கு ரூபாயைக் கஸ்தூர்பா அலுவலகத்தில் ஒப்படைக்காமல் வைத்திருந்தார். ஆசிரமவாசி ஒருவர் கண்டு சொல்ல, பணத்தைத் திருப்பித் தந்தார். இனியும் இப்படி நடந்தால் ஆசிரமத்தை விட்டே போய்விடுவதாக உறுதி கூறினார். அத்தனையும் ஊரறிய அச்சேறியது.

தன் தவறுகளையும் காந்தி ஒளித்தவரல்ல. டர்பனில், ஒரு குமாஸ்தாவின் மூத்திரச் சட்டியைச் சிரித்த முகத்தோடு எடுக்கவில்லை என்று கஸ்தூர்பாவைக் கைப்பிடித்து வாசல்வரை இழுத்துப் போனதை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எனினும் தன்னைப் பற்றித் தானே எழுதுவது வேறு, தன்னைப் பற்றி இன்னொருவர் எழுதுவது வேறு. ஆசிரம வரலாறு எழுதுகிறவர்கள் அந்த 13,000 ரூபாயோடு இந்த நான்கு ரூபாயையும் சேர்த்தே எழுத வேண்டும்.