பியானோ படிக்க எந்தக் கல்லூரி? – ஒரு மாணவனின் மகளுக்காக

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் மகளோடு வீட்டுக்கு வந்தான். 1998-ல், இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை ஓடத் தொடங்கிய அதே வருஷம், என்னிடம் பத்தாவது படித்தவன். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். மகள் பிளஸ் டூ. பியானோவில் எட்டாவது கிரேடு முடித்திருக்கிறாள். "சார், இவ மியூசிக்தான் படிப்பேங்கிறா. எந்தக் காலேஜ்ல சேர்க்கலாம்?" என்று கேட்டான்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். வரலாற்று வாத்தியாருக்குத் தெரிந்தது வரலாறுதான். அதிலிருந்தே பதில் தேடினேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். வல்லம் வடகாலில் 2015-ல் திறந்த யமஹா பைக் தொழிற்சாலை எல்லோருக்கும் தெரியும். அந்த வண்டியின் முத்திரையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று இசைக்கவைகள். 1887-ல் ஜப்பானின் ஹமாமட்சு ஊரில் தொரகுசு யமஹா என்பவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கனைப் பழுது பார்த்தார். அதில் பிறந்த கம்பெனி 1900-ல் பியானோ செய்தது. பைக் கம்பெனி தனியாகப் பிரிந்தது 1955-ல்தான். அதே யமஹாவின் இசைக்கருவிப் பிரிவு இன்று நம் வட்டாரத்திலேயே கீபோர்டும் கிதாரும் செய்கிறது. கருவி இங்கே உருவாகிறது. அதை வாசிக்கக் கற்றுத்தரும் பட்டப்படிப்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படி? சென்னையில் பியானோ புதிதல்ல. மிஸ்குவித் என்பவர் 1842-ல் தொடங்கிய கடைதான் இன்று அண்ணா சாலையில் இருக்கும் மியூஸி மியூசிக்கல். மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற பாடகர் குழு 1893 முதல் இருக்கிறது. ஆனால் நம் இசைக் கல்லூரிகள் வேறொரு தேவைக்காகப் பிறந்தவை. சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியார் 1929-ல் தொடங்கிய இசைக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1932-ல் வந்த இசைத்துறை, முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு 1949-ல் அரசு தொடங்கிய கல்லூரி எல்லாமே நம் இசையைக் காப்பாற்றி வளர்க்க எழுந்தவை. பியானோவின் கட்டைகள் அசையாத சுரங்கள். அவற்றில் கமகம் வராது. இதே குறையைச் சொல்லித்தான் 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே விலக்கி வைத்தது. அந்தக் காலத்தில் பியானோவுக்கு யார் நாற்காலி போடுவார்கள்?

அதனால் தமிழ்நாட்டில் பியானோ வளர்ந்தது தேவாலயங்களிலும் ஆசிரியர்களின் வீடுகளிலும். மயிலாப்பூரில் ஒரு சிறிய அறையில் இருந்த தன்ராஜ் மாஸ்டரிடம்தான் இளையராஜா மேற்கத்திய இசை கற்றார். ஏ.ஆர்.ரகுமானும் அவரிடம் படித்தவர். பாடம் வீட்டில், பரீட்சை மட்டும் லண்டனுக்கு: 1872-ல் தொடங்கிய டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகள். கிரேடு என்பது திறமைக்குச் சான்று; பட்டம் ஆகாது. எட்டாவது கிரேடு முடித்த பிள்ளை, கல்லூரி வாசலுக்கு வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

2008-ல் ரகுமான் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கியபோதுதான் இந்த வாசலுக்கு உள்ளூரிலேயே ஒரு கதவு கிடைத்தது. லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தோடு தொடர்பும் ஏற்பட்டது. 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டாலர் வென்ற லிடியன் நாதஸ்வரம் அங்கே படித்த பிள்ளை.

இந்த வரலாறு எனக்குச் சொன்னது ஒன்றுதான்: நம் ஊரில் பியானோ கலைஞரை உருவாக்கியது கட்டடமல்ல, ஆசிரியர். ஆகவே கல்லூரியின் பெயரைப் பார்க்காதே, யாரிடம் உட்காரப் போகிறாய் என்று பார் என்றேன் அந்தப் பெண்ணிடம். சேரும் முன் கேட்க வேண்டியவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனிப்பாடம், யார் எடுக்கிறார்? முடிந்தால் அவரிடம் ஒரு மாதிரிப் பாடம் கேள்.

இரண்டு, பயிற்சிக்கு உண்மையான பியானோ எத்தனை, மாணவர் எத்தனை பேர்? பியானோவுக்கு 88 கட்டைகள். விரலுக்கு எடை தெரியும். வீட்டில் 61 கட்டைக் கீபோர்டில் மட்டும் பழகிவிட்டு நுழைவுத் தேர்வுக்குப் போனால் கை தடுமாறும்.

மூன்று, முடிவில் தருவது டிப்ளமோவா, பட்டமா? பட்டமென்றால் யுஜிசி அங்கீகாரம் உண்டா? நாளைக்குப் பள்ளியில் ஆசிரியராகவோ மேற்படிப்புக்கோ போக அது வேண்டும். இல்லையென்றால் அஞ்சல் வழியில் ஒரு பட்டத்தையும் சேர்த்துப் படி.

நான்கு, படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? இரண்டு பேரிடமாவது பேசு. விளம்பரத்தில் இருப்பவர்களிடம் அல்ல.

அப்பாவுக்கும் ஒன்று சொன்னேன்: கட்டணத்தை முழுப் படிப்புக்கும் கணக்குப் போடு. முதல் வருஷத்தை மட்டும் பார்த்துக் கடன் வாங்காதே.

இனி என் கூச்சத்துக்குக் காரணம். 1998-ல் இவன் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பான். காதில் கேட்டதை அப்படியே விரலில் கொண்டு வருவான். "சார், மியூசிக் படிக்கலாமா?" என்று என்னிடம்தான் கேட்டான். ஊரெல்லாம் கம்பெனி வருகிற நேரம். "பாலிடெக்னிக் சேர்டா, பாட்டு சோறு போடாது" என்றேன். ஒரு கேள்விகூட விசாரிக்காமல் சொன்ன பதில். அந்த வேலைதான் இன்று மகளின் பியானோ வகுப்புக்குப் பணம் கட்டுகிறது என்பதும் உண்மை. அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை.

கிளம்பும்போது, "நீ இன்னும் வாசிக்கிறியாப்பா?" என்று கேட்டேன். "நைட் ஷிப்ட் இல்லாத ஞாயித்துக்கிழமை மட்டும் சார்" என்றான்.

உங்களில் யாராவது இசைக் கல்லூரியில் படித்திருந்தால், பிள்ளைகளைப் படிக்க வைத்திருந்தால், கீழே எழுதுங்கள். அந்தப் பெண் படிப்பாள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்